குப்பையில் கிடந்த நல்ல கடிதம்

(நிலக்கோட்டையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களும் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தில், மின்னஞ்சலைப் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். "மின்னஞ்சலில் பேச என்ன சார் இருக்கிறது? இப்போது எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தானே வருகிறது" என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை என் நினைப்பை மாற்றியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அப்பா மல்லிகை பயிரிடுகிறவர். விடியுமுன் பூப் பறித்து, அம்மாவும் மகளுமாகக் கூடையில் கட்டிக் கொடுக்க, அவர் நிலக்கோட்டைச் சந்தைக்குக் கொண்டு வருவார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் பள்ளிக்குக் கிளம்புவாள். பறித்த பூ சீக்கிரம் மலர்ந்துவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று அவளே சின்னச் சின்னச் சோதனைகள் செய்து குறித்து வைத்திருந்தாள். அதை ஒழுங்காக எழுதச் சொல்லி, கோடை விடுமுறையில் நடக்கும் ஓர் உறைவிட அறிவியல் முகாமுக்குப் பள்ளியின் வழியாக விண்ணப்பித்தோம்.

நாள்கள் போயின. பதில் இல்லை. கிடைக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் பையன் தேர்வாகியிருக்கிறான். பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயரும் இருக்கிறது. நீங்கள் இன்னும் சம்மதக் கடிதம் அனுப்பவில்லையா?" என்று கேட்டார். பள்ளி மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். வந்த அஞ்சல்களில் இல்லை. பெயரைப் போட்டுத் தேடினேன், இல்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த ‘ஸ்பேம்’ என்ற பெட்டியைத் தட்டினேன். பரிசுச் சீட்டு விழுந்திருக்கிறது என்று ஒன்று, உடனடிக் கடன் தருகிறோம் என்று ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளையின் தேர்வுக் கடிதம். பெற்றோர் சம்மதம் அனுப்பக் கடைசி நாள் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. உடனே அழைத்துப் பேசினேன். காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த மாணவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மீதும் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சொன்னேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அது நல்ல கடிதம்தானே? அதைப் போய்க் குப்பைன்னு அந்தப் பெட்டி எப்படி சார் நினைச்சுச்சு?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், பதில் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயர். ‘ஸ்பேம்’ என்பது 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சி ஒன்றின் பெயர். 1970-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகம் ஒன்றில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வரும். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மற்றப் பேச்சையெல்லாம் மூழ்கடிப்பார்கள். கேட்காமலே வந்து குவியும் அஞ்சலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் தொல்லை பெயருக்கு முந்தியது. 1978 மே மாதத்தில் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுதான் முதல் ஸ்பேம் என்று சொல்கிறார்கள். தமிழில் ‘எரிதம்’ என்று சொல் இருக்கிறது. ஆனால் நம் திரையில் ‘ஸ்பேம்’ என்றே இருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

குப்பை பெருகியதும் அதைப் பிரிக்க வழி தேடினார்கள். "இந்தச் சொல் இருந்தால் தள்ளிவிடு" என்று விதி எழுதிப் பார்த்தார்கள். அனுப்புகிறவன் எழுத்தை மாற்றி எழுதித் தப்பித்தான். 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற கணினி நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஒரு முறை பரவலாயிற்று. அதற்கு அடிப்படை நம் மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தில் வரும் பேயீஸ் தேற்றம். தாமஸ் பேயீஸ் இறந்த பிறகு 1763-இல் வெளியான கணக்கு, நம் அஞ்சலைப் பிரிக்க வந்து நிற்கிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கெட்ட அஞ்சல்களில் 40-இல் "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று இருக்கிறது. 100 நல்ல அஞ்சல்களில் 5-இல்தான் அப்படி இருக்கிறது. அந்த வாசகத்தோடு ஓர் அஞ்சல் வந்தால் அது கெட்டதாக இருக்க என்ன வாய்ப்பு? 45-இல் 40. அதாவது ஏறத்தாழ 89 விழுக்காடு. இப்போது அதே அஞ்சலில் நம் பள்ளியின் பெயரும் ஊரும் இருக்கிறது என்று வையுங்கள். அப்படி எழுதியவை கெட்ட அஞ்சலில் 100-க்கு 1, நல்லதில் 100-க்கு 30. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் கெட்டதற்கு 40, நல்லதற்கு 150. கெட்டதாக இருக்கும் வாய்ப்பு 190-இல் 40, சுமார் 21 விழுக்காடு. பொதுவாக எழுதிய வாழ்த்து 89, ஊர் பேர் சொல்லி எழுதிய வாழ்த்து 21. பெட்டி அந்தப் பிள்ளையின் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு தள்ளவில்லை. இதைப் போன்றவை முன்பு எப்படி இருந்தன என்று எண்ணிப் பார்த்துத் தள்ளியிருக்கிறது. இன்றைய வடிகட்டிகள் இதைவிடச் சிக்கலானவை. ஆனால் பழையதை வைத்துப் புதியதை எடை போடுவது என்ற அடிப்படை மாறவில்லை.

சொற்களைவிட முக்கியமானது இன்னொன்று: அனுப்புகிறவர் யார் என்பது. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதிவிடலாம். உறையின் பின்புறம் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று யாரும் எழுதிவிடலாம் அல்லவா, அதைப் போல. இதைத் தடுக்க மூன்று சோதனைகள் இருக்கின்றன. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று பெயர். நம் பூச்சந்தையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு விவசாயி கமிஷன் கடைக்காரரிடம் முன்கூட்டியே, "என் பூ இந்த இரண்டு வண்டியில் மட்டும்தான் வரும்" என்று சொல்லி வைக்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். வேறு வண்டியில் அவர் பெயரில் மூட்டை வந்தால் கடைக்காரர் சந்தேகப்படுவார். எந்தக் கணினிகள் என் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று பட்டியல் கொடுப்பது, அதுதான் எஸ்.பி.எஃப். அடுத்து, மூட்டையின் வாயைத் தைத்து, தன்னிடம் மட்டும் உள்ள முத்திரையை வைத்து அனுப்புகிறார். வழியில் யாராவது பிரித்துக் கலப்படம் செய்தால் முத்திரை உடைந்துவிடும். அது டி.கே.ஐ.எம். மூன்றாவதாக, "வண்டியும் முத்திரையும் ஒத்து வராவிட்டால் என் பெயரில் வந்த மூட்டையை ஓரமாக வையுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள், எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள்" என்று சொல்லி வைக்கிறார். அது டிமார்க்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதைக் கண்டிப்பாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 அஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர அஞ்சல் என்றால் ஒரே தட்டலில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும். பெறுகிறவர்கள் ‘இது ஸ்பேம்’ என்று புகார் செய்வது 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே அனுப்புகிறவர் பெயர் கெட்டுப்போகும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். காரணம், எங்கள் பள்ளியின் தவறு இங்கேதான் இருக்கிறது.

அந்த முகாம் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இலவசக் கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் பல பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், மூன்று ஆச்சரியக்குறியோடு. உள்ளே பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ இல்லை, சுருக்கிய இணைப்பு ஒன்றுதான் இருந்தது. அதெல்லாம் அவர்கள் பக்கம். எங்கள் பக்கம் என்ன? இடம் அடைக்கிறதே என்று, போட்டி அறிவிப்புகளையும் பயிற்சி அழைப்புகளையும் மொத்தமாகத் தேர்வு செய்து, ‘அழி’ என்பதற்குப் பதில் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறோம். யார் அழுத்தியது என்று கேட்காதீர்கள். நானும் அழுத்தியிருக்கிறேன். இதைப் போன்றவை எங்களுக்கு வேண்டாம் என்று நாங்களே அந்தப் பெட்டிக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அது நல்ல மாணவனைப் போல நடந்துகொண்டது.

இனி நாம் செய்ய வேண்டியவை. முதலில், வரும் கடிதம் தவறாமல் இருக்க.

வாரம் ஒருநாள், குறிப்பிட்ட நாளில், ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் அங்கே கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று இருந்தால் சில கடிதங்கள் நாம் பார்க்கும் முன்பே போய்விடும். தேடுபெட்டியில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமில் உள்ளவை வராது என்பதும் பலருக்குத் தெரியாது. தேடலின் விரிவான தெரிவில் ஸ்பேமையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும்.

நல்ல கடிதம் அங்கே கிடந்தால், படித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். ‘ஸ்பேம் அல்ல’ என்பதை அழுத்துங்கள். அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். ஒருவரி பதில் போடுங்கள். இந்த மூன்றும் பெட்டிக்கு நாம் சொல்லும் சாட்சி. வட்டாரக் கல்வி அலுவலகம், மாவட்டக் கல்வி அலுவலகம் போன்ற முக்கிய முகவரிகளுக்கு, ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்று ஒரு வடிகட்டி விதி எழுதி வைக்கலாம். கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் அந்த வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

எங்காவது விண்ணப்பித்தால், அன்றே அந்த அமைப்பின் முகவரியைத் தொடர்பில் சேர்த்துவிடுங்கள். பதில் எப்போது வரும் என்று கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நாளில் வரவில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் இன்று இந்தக் கதை இல்லை.

இன்னும் இரண்டு. இலவசக் கூகுள் கணக்கில் மொத்த இடம் 15 ஜிபி. விழாப் படங்களும் காணொளிகளும் அதே கணக்கில் ஏறி இடம் நிறைந்துவிட்டால் புதிய அஞ்சல் உள்ளே வராது, திரும்பிப் போய்விடும். பள்ளிக் கணக்கைப் படங்களின் கிடங்காக்காதீர்கள். அடுத்து, பள்ளி மின்னஞ்சல் யாருடைய கைப்பேசி எண்ணோடு இணைந்திருக்கிறது? மூன்று ஆண்டுக்கு முன் மாறுதலில் போன தலைமையாசிரியரின் எண்ணோடு என்றால், கடவுச்சொல் மறந்த அன்று கணக்கே கைவிட்டுப் போகும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்து, பதிவேடு, பணப்புத்தகத்தோடு மின்னஞ்சல் கணக்கையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

இரண்டாவது, நாம் அனுப்பும் கடிதம் ஸ்பேமுக்குப் போகாமல் இருக்க. இதிலும் எங்கள் அனுபவம் ஒன்று உண்டு. வகுப்பறைக் கூரையைச் சீர் செய்ய முன்னாள் மாணவர்கள் தொண்ணூறு பேருக்கு ஒரே நேரத்தில் கடிதம் அனுப்பினோம். "அவசரம்! உடனே உதவுங்கள்!" என்று தலைப்பு. உள்ளே எழுத்தே இல்லை, கையெழுத்திட்ட வேண்டுகோளைப் படம் பிடித்து ஒட்டியிருந்தோம். கீழே வங்கிக் கணக்கு எண். பதில் போட்டவர்கள் ஆறு பேர். பிறகு ஒவ்வொருவராகப் பேசியபோது, பலருக்கு அது ஸ்பேமில் கிடந்தது தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், மோசடிக்காரன் எழுதுவதைப் போலவே எழுதியிருக்கிறோம்! முகம் தெரியாத முகவரி, அவசரம், பணம், படம். பெட்டி வேறு என்ன செய்யும்?

மறுமுறை மாற்றி எழுதினோம். பள்ளியின் பெயர், ஊர், விஷயம் மூன்றும் தலைப்பில் இருந்தன. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவர் படித்து முடித்த ஆண்டைச் சொல்லி, நான்கைந்து வரி எழுதினோம். ஒரே நாளில் அனைவருக்கும் அனுப்பாமல் நாளுக்குப் பத்துப் பேர் என்று அனுப்பினோம். முதல் கடிதத்தில் பணமே கேட்கவில்லை. "இந்த முகவரி உங்களுக்கு வந்து சேர்ந்ததா? ஒரு வரி பதில் போடுங்கள்" என்று மட்டும் கேட்டோம். பதில் போட்டவருக்கு அடுத்த கடிதம் தடையில்லாமல் போகிறது. இந்த முறை பாதிக்கு மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். கூரையும் சரியாயிற்று.

அதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட பழக்கங்கள் இவை. படம் மட்டும் அனுப்புவதில்லை, செய்தியை எழுத்திலும் தட்டச்சு செய்கிறோம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் எதிர்முனையில் புரியாத குறிகளாகத் தெரியும், ஆகவே யூனிகோடில் மட்டுமே எழுதுகிறோம். சுருக்கிய இணைப்பு தருவதில்லை, முழு முகவரியையும் தருகிறோம். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு அனுப்புவதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க முடியாததைப் பெட்டி சந்தேகிக்கும். 25 எம்பிக்கு மேற்பட்டதை ஜிமெயிலில் நேரடி இணைப்பாக அனுப்ப முடியாது என்பதால் படங்களைச் சுருக்கி அனுப்புகிறோம். ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுக் கணக்குத் தொடங்குவதில்லை. பள்ளிக்கு ஒரே முகவரி. நேற்றுத் தொடங்கிய முகவரிக்குப் பழக்கம் இல்லை, பல ஆண்டாக ஒழுங்காகப் பேசிவரும் முகவரிக்கு நற்பெயர் இருக்கிறது. முக்கியமான கடிதம் என்றால் அனுப்பிவிட்டு, "பாருங்கள், ஸ்பேமிலும் பாருங்கள்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்பேமில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அங்கே கிடப்பதில் பெரும்பாலானவை உண்மையிலேயே குப்பை, சில ஆபத்தானவை. துறையின் சின்னம் இருக்கிறது என்பதற்காக நம்பக் கூடாது, சின்னத்தை யாரும் ஒட்டலாம். அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ளதைப் பாருங்கள். அரசு முகவரி என்றால் பொதுவாக ‘கவ் டாட் இன்’ அல்லது ‘நிக் டாட் இன்’ என்று முடியும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் அந்த அஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள அலுவலக எண்ணுக்கு அழையுங்கள். ஓ.டி.பி., கடவுச்சொல், மாணவரின் வங்கி விவரம் கேட்டால் தர வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதை நம் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கும் இதில் வேலை இருக்கிறது. நான் நிகழ்தகவு நடத்தும்போது, பத்து நல்ல அஞ்சல், பத்துப் போலி அஞ்சல் நானே எழுதித் துண்டுத் தாளில் கொடுத்து, சொற்களை எண்ணச் சொல்கிறேன். பிள்ளைகளே ஒரு விதி உருவாக்குவார்கள். பிறகு இருபத்தொன்றாவது தாளைக் கொடுப்பேன். அது அந்த முகாம் கடிதம். ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு குழு அதைக் குப்பை என்று தள்ளிவிடும். அப்போது இரண்டு தவறுகளைப் பற்றிப் பேசுவோம். குப்பை உள்ளே வந்துவிடுவது ஒரு தவறு. நல்லது வெளியே போய்விடுவது இன்னொரு தவறு. முதலாவது நமக்கு ஒரு நிமிடத் தொல்லை. இரண்டாவது ஒரு பிள்ளைக்கு ஒரு கோடையே போய்விடும். இரண்டையும் ஒரே அளவில் எடை போடக் கூடாது என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பத்தாம் வகுப்பு வந்தபோது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதிய இடைவேளையில் அலுவலக அறை வாசலில் வந்து நிற்பாள். நான் கணக்கைத் திறப்பேன். அவள் ஸ்பேம் பெட்டியில் உள்ள தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை, "சார், நில்லுங்க, நில்லுங்க" என்றாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஓவியப் போட்டியின் இரண்டாம் சுற்று அழைப்பு. கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவனைக் கூப்பிட அவளே ஓடினாள்.

இப்போது அவள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை வழக்கம் மட்டும் எங்கள் பள்ளியில் நிற்கவில்லை. இன்று நீங்கள் பள்ளிக்குத் திரும்பியதும் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பிள்ளை ஒருவருக்கு ஏதாவது வந்து காத்துக் கிடக்கலாம்.